சிலந்தி மேல் விழும் பழி

தமிழில் சிலந்தி என்ற சொல் எட்டுக்கால் உயிருக்கு மட்டும் உரியதல்ல. கட்டிக்கும் புண்ணுக்கும் அதே பெயர் உண்டு. காலில் கொப்புளம் எழும்பி, அதிலிருந்து நூல்போலப் புழு வெளிவரும் கினிப்புழு நோயை நரம்புச் சிலந்தி என்றார்கள். 2000ஆம் ஆண்டில் இந்தியா அந்நோயிலிருந்து விடுபட்டதாக உலகச் சுகாதார நிறுவனம் சான்றளித்த பிறகு அந்தச் சொல் அகராதிக்குள் ஒதுங்கிவிட்டது. செடியின் இலையை வெளுக்கவைக்கும் நுண்ணிய பேனைச் செஞ்சிலந்தி என்கிறோம். ஆக, சுவரில் எட்டுக்கால் பூச்சியைக் கண்டதும் உடல் கூசுகிறதே, அந்தக் கூச்சத்தில் ஒரு பங்கு அதற்கு உரியதே அல்ல. பெயரோடு ஒட்டிக்கொண்டு வந்தது.

முதலில் தோல் விவகாரத்தைத் தீர்த்துவிடலாம். காலையில் எழுந்தால் கழுத்திலோ முழங்கை மடிப்பிலோ கோடு இழுத்தாற்போலச் சிவந்திருக்கும், எரியும், மறுநாள் சின்னச் சின்னச் சீழ்க்கொப்புளங்கள் வரும். வீட்டுப் பெரியவர்கள் பார்த்தவுடன், “எட்டுக்கால் பூச்சி எச்சம் பட்டிருக்கு” என்பார்கள். சிலந்தியின் எச்சம் சுவரில் புள்ளிபுள்ளியாகக் கறை போடும், தோலைப் புண்ணாக்காது. கோடாக வரும் இந்த எரிபுண்ணுக்குப் பெரும்பாலும் காரணம் பீடரஸ் என்ற வண்டு. 7 முதல் 10 மி.மீ. நீளம், ஆரஞ்சும் கறுப்பும் மாறிமாறி வரும் உடல், எறும்பு போன்ற சாயல். இரவில் விளக்கொளியைத் தேடி உயர்மாடி வீட்டுக்குள்ளும் பறந்து வரும். அது கடிப்பதும் இல்லை, கொட்டுவதும் இல்லை. தூக்கக் கலக்கத்தில் நாம்தான் அதைத் தேய்த்து நசுக்குகிறோம். அதன் உடல்நீரில் உள்ள பீடரின் என்ற நச்சு தேய்த்த திசையெல்லாம் பரவுவதால்தான் புண் கோடாக வருகிறது. முழங்கை மடிப்பில் பட்டால், மடித்த இரு பக்கமும் அச்சுப்போல ஒரே புண் தோன்றும். நச்சு வேலை செய்ய ஒன்றிரண்டு நாள் ஆகும் என்பதால் வண்டு யாருக்கும் நினைவில் இருப்பதில்லை. அன்று மூலையில் தென்பட்ட சிலந்தி மாட்டிக்கொள்கிறது. உடலில் அந்த வண்டைக் கண்டால் ஊதித் தள்ளுங்கள், அல்லது ஒரு தாளில் ஏறவிடுங்கள். பட்ட இடத்தைச் சோப்புப் போட்டு உடனே கழுவ வேண்டும். கழுவுவதற்கு முன் அந்தக் கையால் கண்ணைத் தொடக் கூடாது.

உடலின் ஒரு பக்கத்தில் மட்டும், பட்டையாக, வலியோடு நீர்க்கொப்புளங்கள் எழுந்தால் அது அக்கி. அதையும் சிலந்தி ஊர்ந்ததாகச் சொல்லிக் காவிமண் பூசிக்கொண்டு காத்திருப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அக்கி ஒரு கிருமித்தொற்று. அதற்கான மருந்தைக் கொப்புளம் தோன்றிய 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் பலன் அதிகம். காவிமண் பூசிக் கழிக்கும் மூன்று நாள் சரியாக அந்தக் கெடுதான்.

இனி வீட்டுக்குள் உண்மையிலேயே இருப்பவர்கள். சிங்கப்பூர் வீட்டில் ஒரு சிலந்தி எந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறது என்று பார்த்தாலே அது எந்த வகை என்று பாதி தெரிந்துவிடும்.

கூரை மூலை, பாம் ஷெல்டர் எனப்படும் வீட்டுப் பாதுகாப்பு அறையின் உள்பக்கம், சமையலறைத் தொட்டிக்கு அடியில், சுடுநீர்ச் சாதனத்தின் பின்னால்: இந்த இடங்களில் மயிர்போன்ற நீண்ட கால்களோடு தலைகீழாகத் தொங்குவது ஃபோல்சிட் குடும்பம். உடல் 1 செ.மீ.கூட இராது. தொட்டால் வலையோடு சேர்ந்து கிறுகிறுவென்று சுழலும். தன் உருவத்தைக் கண்ணுக்குப் பிடிபடாமல் செய்யும் உத்தி அது. “உலகிலேயே கடும் விஷம் இதற்குத்தான், பல்தான் எட்டாது” என்ற கதையை நம்ப வேண்டாம். அதற்கு ஆதாரம் எதுவும் கிடையாது. இந்தக் குடும்பத்தில் கிராஸோப்ரிஸா லயோனி என்ற இனம் டெங்கிக் கொசுக்களைப் பிடித்துத் தின்பதைத் தாய்லாந்தில் ஆராய்ந்து 1997இல் வெளியிட்டிருக்கிறார்கள். அதற்காகப் பூந்தொட்டித் தட்டில் நிற்கும் தண்ணீரைச் சிலந்தி பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிட முடியாது. அது பிடிப்பது பறந்துவந்து மாட்டும் கொசுவைத்தான். தட்டில் நெளியும் புழுவை அல்ல.

ஒட்டடை என்பது இவர்களின் கைங்கரியம். வட்டவலை பின்னும் சிலந்திகள் பழைய வலையைத் தின்று, அந்தப் புரதத்திலிருந்தே புது நூல் இழுக்கும். ஃபோல்சிட்கள் அப்படிப் பிரித்து எடுப்பதில்லை. பழையதின் மேலேயே புதியதைக் கட்டும். தூசும் சாம்பிராணிப் புகையும் சமையல் எண்ணெய் ஆவியும் அதில் படிந்தால் ஒட்டடை. திருவானைக்கா தலபுராணத்தில் லிங்கத்தின் மேல் சருகு விழாமல் சிலந்தி பந்தல் பின்னும். யானை வந்து அதை அழுக்கென்று அறுத்தெறியும். பூசையறை மூலையில் வாரந்தோறும் நடப்பது அதே வழக்குதான். யானையின் பக்கமும் நியாயம் இருக்கிறது: விளக்குக்கு மேலே எண்ணெய்ப் பிசுக்கேறிய ஒட்டடை எளிதில் தீப்பிடிக்கும்.

ஒட்டடை அடிப்பதில் பலரும் செய்யும் தவறு, குச்சியைச் சுவரோடு அழுத்தி இழுப்பது. பிசுபிசுப்பான தூசு வெள்ளைச் சாயத்தில் கரிக்கோடாகப் பதிந்துவிடும். பிறகு ஈரத்துணி போட்டால் கோடு பட்டையாகும். குச்சியைச் சுவரிலிருந்து ஒரு விரலளவு தள்ளிப் பிடித்து, பஞ்சுமிட்டாய் சுற்றுவதுபோல ஒரே திசையில் திருப்ப வேண்டும். வலை குச்சியில் சுருண்டு வந்துவிடும். மின்விசிறியை முதலில் நிறுத்துங்கள். குச்சி நுனியில் பழைய காலுறை ஒன்றை மாட்டினால் வேலை முடிந்ததும் உரித்துத் துவைத்துக்கொள்ளலாம். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போதும். அடிக்கும்போது பெண் சிலந்தி வாயில் ஒரு வெளிர் உருண்டையைக் கவ்விக்கொண்டிருந்தால் அது முட்டைக்கொத்து. அதை வெளியே எடுத்துப் போகாமல் வலையை மட்டும் அடித்தால் அடுத்த மாதம் ஒவ்வொரு மூலையிலும் ஒரு குடித்தனம்.

அடுத்து, எல்லாரையும் கத்தவைப்பது. இரவில் விளக்கைப் போட்டதும் கதவுக்குப் பின்னாலோ குளியலறைச் சுவரிலோ உள்ளங்கை அகலத்துக்கு விரிந்திருக்கும் பழுப்புச் சிலந்தி, ஹெட்டரோபோடா வெனடோரியா. உடல் 2 முதல் 3 செ.மீ. தான், கால்களை விரித்தால் 7 முதல் 12 செ.மீ. வலை கட்டாது. தட்டை உடம்பு என்பதால் நாள்காட்டிக்குப் பின்னால், அலமாரி இடுக்கில், கதவின் அடி இடைவெளியில் பகலைக் கழித்துவிட்டு இரவில் வேட்டைக்கு வரும். முக்கிய இரை கரப்பான்பூச்சி. ஆகவே இது தொடர்ந்து தென்படும் வீட்டில் கேட்க வேண்டிய கேள்வி, சிலந்தி எங்கிருந்து வந்தது என்பதல்ல. கரப்பான் எங்கிருந்து வருகிறது என்பது. குப்பைக் குழாயின் மூடி சரியாகப் பொருந்துகிறதா, தரை வடிகாலின் மூடியில் தண்ணீர்த் தடுப்பு வற்றிவிட்டதா, வாசற்கதவின் அடியில் ரப்பர் பட்டை தேய்ந்துவிட்டதா என்று பாருங்கள். அங்கே அடைத்தால் இரண்டும் குறையும்.

இது ஆளை நோக்கிப் பாய்வதில்லை. ஆனால் துரத்தினால், அருகில் செங்குத்தாக எது இருக்கிறதோ அதில் ஏறும். துடைப்பத்தை நீட்டினால் துடைப்பக் காம்பில் ஏறிக் கைக்கு வந்துவிடும். “என் மேல பாஞ்சிடுச்சு” என்ற கதைகளில் பாதிக்குமேல் இப்படித்தான் பிறக்கின்றன. அழுத்திப் பிடித்தால் கடிக்கும். வலிக்கும், சற்று வீங்கும், அவ்வளவுதான். சோப்பால் கழுவி, துணியில் சுற்றிய பனிக்கட்டியைப் பத்து நிமிடம் வைத்தால் போதும். எந்தப் பூச்சிக் கடியானாலும் மூச்சுத் திணறல், முகம் வீங்குதல், தசைப்பிடிப்போடு வியர்த்துக் கொட்டுதல் என்று வந்தால் பேச்சில்லை, ஆம்புலன்சுக்கு 995தான்.

பிடித்து வெளியே விட, தீபாவளிக்கு முறுக்கு வரும் சிவப்பு மூடி டப்பா போன்ற கச்சிதமான பாத்திரம் வேறில்லை. உள்ளே தெரியும், வாய் அகலம். 12 செ.மீ.க்குக் குறைந்த வாய் வேண்டாம்; தேநீர்க் கோப்பையால் மூடப்போய்க் கால் விளிம்பில் நசுங்குவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. அட்டைக்கு நாள்காட்டியின் பின்னட்டை சரியாக இருக்கும். அச்சுத்தாள் வளைந்து இடைவெளி விடும். அறையின் மற்ற விளக்குகளை அணைக்காதீர்கள். இருட்டான பக்கமே அதற்கு ஓட வழி. டப்பாவை எதிரே நேராக, மெதுவாகக் கொண்டுபோங்கள். சட்டென்று வீசினால் எழும் காற்றைக் கால்மயிர்கள் உணர்ந்துவிடும். டப்பா வரும்முன் சிலந்தி அங்கே இருக்காது. கடைசி ஒரு சாண் தூரம் மட்டும் வேகம். சுவரோடு மூடிய பிறகு நின்று மூச்சு விடுங்கள், அவசரமில்லை. அட்டையைச் சுவரை ஒட்டி ஒரு பக்கமிருந்து செலுத்தும்போது சிலந்தி தானே அட்டை மேல் ஏறும். கால் இடுக்கில் இருந்தால் டப்பாவை லேசாக ஆட்டி ஒதுங்கவிடுங்கள். கூரையில் இருப்பதைப் பிடிக்க ஏணி போடாதீர்கள். அது விழும், கூடவே நாமும் விழுவோம். சற்று விட்டால் தானே இடம் மாறும். புளோக்கின் கீழ்த்தளத்தில் செடிப்புதர் ஓரமாக விட்டால் போதும்.

வயிற்றுக்கு அடியில் வில்லை போன்ற வெள்ளைத் தட்டு ஒன்றை அணைத்தபடி ஓடுகிறதா? அது முட்டைப்பை, உள்ளே நூற்றுக்கணக்கில் முட்டைகள். செருப்பால் அடித்தால் தாய் சாகும். பை பிழைத்துவிட்டால் குஞ்சுகள் சிதறும். டப்பாவுக்கு இதைவிடப் பொருத்தமான தருணம் கிடையாது.

பூச்சிமருந்து அடிப்பவர்களுக்கு இரண்டு செய்தி. கடைகளில் கிடைக்கும் பைரித்ராய்டு வகைத் தெளிப்பான் நேரே பட்டால் சிலந்தி சாகும், ஆனால் உடனே அல்ல. அந்த இடைவேளையில் தறிகெட்டு ஓடும். தரையில் படிந்த மருந்து கரப்பானுக்கு எமன். சிலந்தியோ கால் நுனியால் மட்டும் தரையைத் தொட்டு உடலைத் தூக்கி நடப்பதால் அதன் மேல் ஏறும் மருந்து குறைவு. மீன்தொட்டி இருக்கும் அறையில் இம்மருந்து கூடவே கூடாது, மீன்கள் மிக எளிதில் செத்துவிடும். இவ்வகையைச் சேர்ந்த பெர்மெத்ரின் பூனைக்கும் நஞ்சு. புதினா எண்ணெய் சில இனங்களை ஆய்வகத்தில் விலக்கியது உண்மை. ஆனால் ஒரே நாளில் ஆவியாகிவிடும், தினமும் தெளிக்க வேண்டும். எலுமிச்சை எண்ணெய் அந்தச் சோதனையிலேயே தோற்றுவிட்டது.

செத்த சிலந்தி ஏன் காலை மடக்கிக் கிடக்கிறது என்று குழந்தைகள் கேட்பார்கள். சிலந்தியின் காலில் மடக்கத் தசை உண்டு. முக்கிய மூட்டுகள் இரண்டில் நீட்டத் தசை இல்லை. உடல்நீரை அழுத்தி உள்ளே தள்ளித்தான் காலை நீட்டுகிறது, மண்வாரி இயந்திரத்தின் கை எண்ணெய் அழுத்தத்தால் நீள்வதுபோல. உயிர் போனதும் அழுத்தம் போகிறது. கால் தானாகச் சுருள்கிறது. கால் சுருளாமல், லேசாக, உள்ளே வெறுமையாக ஒரு முழுச் சிலந்தி மூலையில் தொங்கினால் அது உரித்துப் போட்ட சட்டை. வீட்டில் இரண்டு பெரிய சிலந்திகள் இருக்கின்றன என்ற பீதி பல நேரம் ஒன்றும் அதன் சட்டையும்தான்.

சன்னல் கம்பியில் நின்று திரும்பிப் பார்ப்பது குதிக்கும் சிலந்தி. முன்னிரு கண்களும் பெரியவை. நம் விரலின் அசைவைக்கூடப் பின்தொடரும். சிலந்தியை வெறுப்பவர்கள்கூட இதற்கு விலக்கு அளிப்பது வழக்கம். கம்போங் என்ற கிராமக் குடியிருப்புகள் இருந்த காலத்துச் சிறுவர்கள் வேலிச் செடிகளில் இரண்டு இலை ஒட்டியிருக்கும் இடமாகத் தேடி, உள்ளே பதுங்கும் தியானியா பாமோயென்சிஸ் ஆண்களைப் பிடித்துத் தீப்பெட்டியில் வைத்துச் சண்டை விட்டார்கள். மினுமினுக்கும் நீலப்பச்சை நிறம். முன்கால்களை அகல விரித்து, தாடையோடு தாடை முட்டித் தள்ளும். தோற்றது பின்வாங்கி ஓடும். சாகும்வரை நடக்கும் போர் அல்ல. கம்போங் போய் மாடிவீடு வந்தபின் விளையாட்டு மறைந்தது. சிலந்தி இன்னும் இலைகளுக்கு இடையில் இருக்கிறது.

தாழ்வாரக் கம்பியில், சுவரும் கூரையும் சேருமிடத்தில், குழாய் வடிவ ஒளிவிடத்தோடு ஒரு கந்தல் வலை தென்பட்டால் சற்று நின்று பாருங்கள். நெஃபிலெஞ்சிஸ் மலபாரென்சிஸ். பெயரிலேயே மலபாரைச் சுமந்துகொண்டு சிங்கப்பூர்ச் சுவர்களில் வாழ்கிறது. பெண் கூடியபின் ஆணைத் தின்னக்கூடியது. ஆணோ தன் பாலுறுப்பை உடைத்துப் பெண்ணுடலிலேயே விட்டுவிடுகிறது. உடைந்த துண்டு, ஆண் இல்லாமலேயே தொடர்ந்து விந்தைச் செலுத்துகிறது என்பதைச் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் லி டாய்சின் குழு 2012இல் காட்டியது. தினமும் மின்தூக்கிக்குப் போகும் வழியில் நடக்கும் சங்கதி இது.

பத்தாம் மாடி, இருபதாம் மாடிக்குச் சிலந்தி எப்படி ஏறியது என்ற வியப்புக்கும் விடை எளிது. குஞ்சுகள் நுனியில் நின்று வயிற்றைத் தூக்கி நூல் விடும். காற்று தூக்கிச் செல்லும். படிக்கட்டு தேவையில்லை.

இலையில் வலை

தொட்டியில் கறிவேப்பிலை, துளசி, கத்தரி வளர்ப்போர் சிலந்தியை அதிகம் திட்டுவது இலையடியில் நுண்ணிய வலை கண்டபோது. இலைமேல் ஊசி குத்தினாற்போல மஞ்சள் புள்ளிகள், பிறகு சாம்பல் வெளுப்பு, பிறகு உதிர்வு. செய்தது செஞ்சிலந்திப் பேன். அரை மி.மீ. அளவு, உறவுமுறையில் சிலந்திக்குத் தூரத்துப் பங்காளி, தொழிலில் சாறுறிஞ்சி. சிலந்தி எதுவும் இலையை இப்படி உறிஞ்சுவதில்லை. வெள்ளைத்தாளை அடியில் பிடித்து இலையைத் தட்டுங்கள்: புள்ளிகள் நகர்ந்தால் பேன்.

குளிர்சாதன வெளிப்பெட்டி ஊதும் சூடான உலர்காற்றுப் பாதையில் வைத்த செடிக்கு இது தவறாமல் வரும். வெப்பத்தில் ஒரு தலைமுறை ஏறத்தாழ ஒரு வாரத்தில் முடிந்துவிடுவதால் பேன் பெருகும் வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாது. முதல் வேலை, தொட்டியை இடம் மாற்றுவது. இரண்டாவது, இலையின் அடிப்பக்கத்தை வேகமான தண்ணீரால் அடித்துக் கழுவுவது. மூன்று நாளுக்கு ஒருமுறை, மூன்று முறை. போதவில்லையென்றால் 1 லிட்டர் தண்ணீரில் 5 மி.லி. வேப்பெண்ணெயும் 1 முதல் 2 மி.லி. பாத்திரம் கழுவும் திரவமும் கலந்து மாலையில் தெளியுங்கள். திரவத்தை முதலில் எண்ணெயோடு குழப்பி, பிறகு தண்ணீர் சேர்க்க வேண்டும். தலைகீழாகச் செய்தால் எண்ணெய் மேலே மிதந்து கடைசிச் செடியின் மேல் மொத்தமாக இறங்கும். வெயிலில் தெளித்தால் இலை கருகும். வீட்டுப் பூச்சிமருந்தை மட்டும் அடிக்காதீர்கள்: பேனைத் தின்னும் இரைப்பேன்களும் பொறிவண்டுகளும் முதலில் சாகும், பேன் முன்னிலும் பெருகித் திரும்பும். அதே செடியில் முள்முள்ளான காலோடு தாவும் உண்மைச் சிலந்தியைக் கண்டால் தொட வேண்டாம். அது நமக்காகக் காவல் நிற்பது.

2005இல் தேசியப் பூங்காக் கழகம் தொடங்கிய திட்டத்தால் பெருகிய சமூகத் தோட்டங்களில் வேறு சில முகங்கள் தெரியவரும். வலை நடுவில் பெருக்கல் குறிபோல வெண்பட்டைகள் பின்னி, கால்களை இரண்டிரண்டாகச் சேர்த்துத் தலைகீழாக நிற்பது ஆர்ஜியோப். அந்தக் குறி இரையை ஈர்க்கவா, பறவையை எச்சரிக்கவா என்று ஆய்வாளர்களிடையே இன்னும் வாதம் ஓயவில்லை. தூதராகப் பணிபுரிந்தபடியே சிலந்திகளை ஆராய்ந்த ஜோசப் கோ, சதுப்புநிலத்தில் வாழும் ஆர்ஜியோப் இனம் ஒன்றுக்கு 1991இல் பெயரிட்டார். மாமரத்தில் முசுறு எறும்புகளோடு எறும்பாகவே நடமாடும் சிலந்தியும் உண்டு. முன்னிரு கால்களைத் தூக்கி உணர்கொம்பு போல ஆட்டும். கிளையைத் தட்டுங்கள், எறும்பு விழும், இது நூலில் தொங்கும்.

மெக்ரிட்சி நீர்த்தேக்க நடைபாதை ஓரங்களில் பொன்னிற நூலில் ஒரு மீட்டருக்குமேல் வலை விரிக்கும் நெஃபிலா பிலிப்பெஸ் பெண்ணின் உடலே 3 முதல் 5 செ.மீ. இருக்கும். வலை பாதையை மறித்தால் ஒரு பக்கத் தாங்குநூலை மட்டும் குச்சியால் அறுத்து மறுபக்கம் ஒதுக்கிவிடலாம், வேறிடத்தில் கட்டிக்கொள்ளும்.

அச்சம்

இவ்வளவும் தெரிந்த பிறகும் நெஞ்சு படபடக்கலாம். அறிவு குறைவால் வருவதல்ல அது. 2017இல் வெளிவந்த ஓர் ஆய்வில், ஆறு மாதக் குழந்தைகளுக்குப் பூவின் படத்தையும் சிலந்தியின் படத்தையும் காட்டினார்கள். சிலந்தியைக் கண்டபோது கண்மணி கூடுதலாக விரிந்தது. அது விழிப்பு, இன்னும் அச்சமல்ல. விழிப்பை அச்சமாக்குவது பெரும்பாலும் பக்கத்தில் நிற்கும் பெரியவரின் அலறல். கத்தாமல், “டப்பாவை எடுத்துட்டு வா” என்று சொல்லும் வீட்டில் பிள்ளை வேறு பாடம் கற்கிறது.

சமையலறைக்குள் போகாமலிருப்பது, தினமும் கட்டிலைப் புரட்டிப் பார்ப்பது என்ற அளவுக்குப் போனால் அது சிகிச்சைக்குரிய அச்சம். பலதுறை மருந்தக மருத்துவரிடம் சொல்லலாம்; உளவியலாளரிடம் அனுப்பிவைப்பார். சுவீடனின் லார்ஸ்-யோரன் ஓஸ்ட் 1989இல் விவரித்த முறையில், மூன்று மணி நேரம் வரை நீளும் ஒரே அமர்வில் படிப்படியாகச் சிலந்தியை எதிர்கொள்ள வைக்கிறார்கள். லேசான அச்சத்துக்கு வீட்டிலேயே அதன் நிழலைப் பின்பற்றலாம். அச்சத்துக்குச் சுழியத்திலிருந்து பத்துவரை ஓர் எண் கொடுங்கள். முதலில் கோட்டோவியம், அடுத்து படம், அடுத்து ஓடும் காணொளி, அடுத்து உரித்த சட்டை, அடுத்து மூன்று மீட்டர் தள்ளி மூடிய டப்பாவில் உயிருள்ளது. எண் பாதியாகக் குறையும்வரை அங்கேயே இருக்க வேண்டும். எட்டில் இருக்கும்போது எழுந்து ஓடினால், ஓடியதால்தான் தப்பித்தோம் என்று உடல் கற்றுக்கொள்ளும், அடுத்த முறை ஒன்பதில் தொடங்கும். கைப்பேசியைப் பார்த்துக்கொண்டு நேரத்தைக் கடத்துவதும் பயன்தராது. வேடிக்கைக்காக யாராவது மேலே தூக்கிப் போட்டால் ஒரு மாத உழைப்பு போய்விடும். அப்படிப்பட்ட மைத்துனர் இருக்கும் வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு செய்யுங்கள். டப்பாவில் வைத்த சிலந்திக்கு மூடியில் நாலைந்து ஊசித்துளையும் ஒரு துளி தண்ணீர் நனைத்த பஞ்சும் போதும். அன்றிரவே அதை விட்டுவிட வேண்டும்.